யார் வீட்டுப் பணம்?

மைசூர் மகாராஜா என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தசரா, அம்பாரி யானை, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரே சமயத்தில் பளிச்சென்று எரிகிற அரண்மனை விளக்குகள். மைசூர்பாகு என்று சொல்பவர்களும் உண்டு. எனக்குக் கொஞ்ச நாளாகப் பியானோதான் ஞாபகம் வருகிறது. அதுவும் ரஷ்யப் பியானோ இசை.

'மைசூருக்கும் ரஷ்யாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒரு பழைய இசைத்தட்டின் கதையைத் தேடிப் போனபோது மாட்டிய விஷயம் இது. மாட்டியதிலிருந்து தூக்கம் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கிறது. காரணம் சங்கீதம் இல்லை, ஒரு கணக்கு.

மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார் 1919-ல் பிறந்தவர். நமக்கு அந்நியர் இல்லை. 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் கவர்னராகக் கிண்டி ராஜ்பவனில் இருந்தார். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி எரிந்தபோது கவர்னர் அவர்தான். கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். அடாணா ராகத்தில் கணபதி மேல் ஒரு விறுவிறுப்பான சமஸ்கிருதக் கீர்த்தனை அடிக்கடி பாடுகிறார்களே, அது இவர் செய்தது. அது மாதிரி தொண்ணூறுக்கு மேல் செய்திருக்கிறார். பாடுகிறவர்களிலேயே பலருக்கு அது ஒரு ராஜா எழுதியது என்று தெரியாது.

ஆனால் இளவரசராக இருந்தபோது அவர் ஆசைப்பட்டது கீர்த்தனைக்கு அல்ல. பியானோவுக்கு. பொழுதுபோக்காக இல்லை; மேடையேறிக் கச்சேரி செய்கிற பியானோ கலைஞராக வேண்டும் என்று. விதி வேறு மாதிரி நினைத்தது. 1940-ல் முதலில் அப்பா போனார். சில மாதங்களில் மகாராஜாவாக இருந்த பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் போனார். இருபத்தோரு வயதுப் பையனைக் கொண்டுபோய் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பியானோ வாசிக்க முடியாது. 1945-ல் லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் டிப்ளமோவை வாங்கினார் என்பதைப் பார்த்தால், ராஜ்ய பாரத்துக்கு நடுவிலும் விரல்களை விடவில்லை என்று தெரிகிறது. ஆனாலும் மேடை போனது போனதுதான்.

அதற்கடுத்த வருடம் லண்டனிலிருந்து ஒருவரை மைசூருக்கு வரவழைத்தார். வால்டர் லெக் என்று பெயர். எச்.எம்.வி. இசைத்தட்டுகளைத் தயாரித்தவர், ஃபில்ஹார்மோனியா என்ற ஆர்க்கெஸ்ட்ராவை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். அவர் மைசூரில் பார்த்ததைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். அரண்மனையில் உலகத்து இசைத்தட்டு அத்தனையும் இருந்ததாம். விதவிதமான ஒலிபெருக்கிகள். ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய கச்சேரிப் பியானோக்கள். நடுவில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு ராஜா.

லெக் ஊர் திரும்பும்போது இரண்டு வாக்குறுதிகளோடு போனார். ஒன்று, ஃபில்ஹார்மோனியா காலூன்றுவதற்கு மூன்று வருடம், வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு. இரண்டாவது, நிக்கலாய் மெட்னர் என்ற ரஷ்யரின் இசையை ஒலிப்பதிவு செய்ய ஆகிற செலவு.

யார் இந்த மெட்னர்? அந்தக் காலத்து லண்டனில் கேட்டிருந்தாலும் பத்துக்கு ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள்.

மெட்னர் 1880-ல் மாஸ்கோவில் பிறந்தவர். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் தங்க மெடல். பெரிய கச்சேரிப் பியானிஸ்ட்டாக வந்து கை நிறையச் சம்பாதிப்பார் என்று எல்லோரும் நினைக்க, மனிதர் இசை எழுதப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவர் எழுதியதில் பியானோ இல்லாத ஒரு உருப்படி கிடையாது. பதினான்கு சொனாட்டா, மூன்று கான்செர்ட்டோ, பிறகு 'கதைகள்' என்று அவர் பெயர் வைத்த சின்னச் சின்ன உருப்படிகள் முப்பதுக்கு மேல். அவருடைய சிநேகிதர் ராக்மனினாஃபைக் கேட்டால் முதல் தடவையே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். மெட்னர் அப்படி இல்லை. இடது கை ஒன்று சொல்லும், வலது கை வேறொரு தாளத்தில் அதை மறுத்துப் பேசும். முதல் தடவை கேட்டால் 'ஏதோ வாசிக்கிறார்' என்றிருக்கும். நாலாவது தடவை கேட்கும்போது, எப்போதோ செத்துப்போன தாத்தா பக்கத்து அறையில் தனக்குத் தானே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். இந்த அவசர உலகத்தில் யார் ஐயா நாலாவது தடவை கேட்கிறார்கள்?

ராக்மனினாஃப் கேட்டார். தம் காலத்தின் மிகச் சிறந்த இசையமைப்பாளர் மெட்னர்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தம்முடைய நாலாவது கான்செர்ட்டோவை அவருக்குச் சமர்ப்பித்தார். மெட்னர் தம்முடைய இரண்டாவதை இவருக்குச் சமர்ப்பித்தார். புரட்சிக்குப் பிறகு இருவருமே ரஷ்யாவை விட்டு வெளியேறியவர்கள். ராக்மனினாஃப் அமெரிக்காவில் நட்சத்திரமாகிவிட்டார். மெட்னர் 1921-ல் கிளம்பி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, கடைசியில் லண்டனில் வந்து உட்கார்ந்தார். நவீன இசை பிடிக்காது, விளம்பரம் தெரியாது, வளைந்து கொடுக்கவும் தெரியாது. பியானோ கற்றுக்கொடுத்து ஜீவனம். உலக யுத்தம் வந்ததும் ஜெர்மன் பதிப்பாளரிடமிருந்து வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. குண்டு விழுந்த நாட்களில் ஒரு மாணவியின் வீட்டில் அடைக்கலம். 1942-ல் மாரடைப்பு. 1943-ல் ராக்மனினாஃபும் செத்துப்போனார். கூடவே மனைவி அன்னா இருந்தார். அவ்வளவுதான் மிச்சம்.

இப்படி ஒருத்தரைத் தேடித்தான் மைசூரிலிருந்து பணம் போகிறது. கற்பனை செய்து பாருங்கள். அறுபத்தாறு வயது, பலவீனமான இதயம், தம் இசையோடு தாமும் முடிந்துவிடுவோம் என்ற எண்ணம். அந்த நேரத்தில், பார்த்தே இராத ஒரு இந்திய ராஜா 'நீங்கள் எழுதியதை நீங்களே வாசியுங்கள், செலவு என்னுடையது' என்கிறார். லண்டனில் மெட்னர் பெயரில் ஒரு சங்கமே ஏற்பட்டது. மூன்று கான்செர்ட்டோக்களையும் ஃபில்ஹார்மோனியாவோடு மெட்னரே வாசித்துப் பதிவு செய்தார். பாட்டுகளை எலிசபெத் ஷ்வார்ஸ்காஃப் பாட, இவர் பியானோ வாசித்தார். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிஷம்தான் இடம். ஒரு கான்செர்ட்டோவைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் பதிவு செய்யவேண்டும். இதய நோயாளி அதையும் செய்தார். மூன்றாவது கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குச் சமர்ப்பித்தார். 1951 நவம்பரில் இறந்தார்.

அந்தப் பதிவுகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. இன்டர்நெட்டில் தேடினால் ராத்திரி பதினோரு மணிக்குக்கூடக் கேட்கலாம். நான் அப்படித்தான் கேட்டேன். கரகரவென்ற இரைச்சலுக்கு அடியில் அந்தக் கிழவரின் விரல்கள். தடுமாற்றமே இல்லை. இந்த விரல்களுக்கு மைசூரில் ஒருவர் கூலி கொடுத்திருக்கிறார், தன் விரல்களால் முடியாமல் போனதற்குப் பதிலாக.

அழகான கதை, இல்லையா? இங்கேயே நிறுத்திக்கொண்டால் நானும் நீங்களும் நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் வருடம் 1946.

அந்த வருடம் தென்னிந்தியாவில் மழை பொய்த்து, தானியத் தட்டுப்பாடு. மைசூர் ராஜ்யமும் அதில் அடக்கம். ரேஷன் அரிசி, ரேஷன் கேழ்வரகு. மூன்றே வருடத்துக்கு முன்னால்தான் வங்காளத்தில் இருபது முப்பது லட்சம் பேர் பஞ்சத்தில் செத்திருந்தார்கள். அப்போது ஒரு பவுண்டுக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல். வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு என்றால் ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம் ரூபாய். மூன்று வருடத்துக்கு நாலு லட்சம். இதில் மெட்னர் செலவு தனி.

'அது ராஜாவின் சொந்தப் பணம்' என்று ஒரு நண்பர் வாதாடினார். ராஜாவுக்குச் சொந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றி, மைசூர் ராஜாக்கள் நல்லவர்கள், கண்ணம்பாடி அணை கட்டினார்கள், கரண்ட் கொண்டுவந்தார்கள் என்று ஆரம்பித்தார். எல்லாம் உண்மை. கோலார் தங்கவயலுக்கு 1902-லேயே மின்சாரம் கொடுத்த ராஜ்யம்தான். இருந்தாலும் மாண்டியா பக்கத்தில் ஒரு விவசாயி கட்டிய வரியில் ஒரு துளி, லண்டன் ஸ்டூடியோவில் வயலின் வாசித்தவரின் சம்பளமாகப் போயிருக்கிறது. அந்த விவசாயியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தக் கேள்வியை மெட்னரின் ஊர்க்காரர் ஒருவரே எழுப்பியிருக்கிறார். டால்ஸ்டாய். 1898-ல் வெளிவந்த 'கலை என்றால் என்ன?' என்ற நூலை அவர் எங்கே ஆரம்பிக்கிறார் தெரியுமா? ஒரு ஆப்பரா ஒத்திகையில். மேடைக்குப் பின்னால் இருட்டில் அழுக்கும் களைப்புமாகத் தொழிலாளர்கள். மேடையில் வேஷம் போட்டவர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, நடத்துகிறவர் அவர்களைக் கழுதை, முட்டாள் என்று திட்டிக்கொண்டிருக்கிறார். இத்தனை பேர் உழைப்பைக் கொட்டி இது யாருக்காக என்பது கிழவரின் கேள்வி. தமாஷ் என்னவென்றால், அந்த ஆப்பராவின் கதாநாயகன் ஒரு இந்திய ராஜா! பாடகனாக மாறுவேஷம் போட்டுக்கொண்டு வருகிற ராஜா.

1900-ல் இளம் ராக்மனினாஃப் டால்ஸ்டாய் வீட்டுக்கே போய் வாசித்தார். ஷாலியாப்பின் பாடினார். முடிந்ததும் டால்ஸ்டாய், இந்த மாதிரி இசை யாருக்காவது தேவையா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். ஏற்கெனவே மனம் உடைந்திருந்த இருபத்தாறு வயதுப் பையன். கிழவர் பிறகு வருத்தம் தெரிவித்தாலும் அந்தக் காயம் ஆறவில்லை. டால்ஸ்டாய் கேட்டது கொடுமைதான். ஆனால் தப்பான கேள்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெர்னார்டு வில்லியம்ஸ் என்று ஒரு ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர் 1976-ல் இன்னொரு கோணத்தில் யோசித்தார். குடும்பத்தை விட்டுவிட்டுப் படம் வரையப் போன கோகெனை எடுத்துக்கொண்டார். அவன் செய்தது சரியா என்று கிளம்புகிற அன்றைக்குச் சொல்ல முடியாது. ஓவியனாக ஜெயித்த பிறகுதான், அதுவும் ஒருவேளை, ஏதாவது சமாதானம் சொல்லமுடியும் என்பது அவர் கட்சி. அதாவது நியாயத்திலும் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. இதை மைசூருக்குப் பொருத்திப் பாருங்கள். மெட்னர் மட்டமான இசையமைப்பாளராக இருந்திருந்தால் இந்த ராஜாவை நாம் ஊதாரி என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்போம். நன்றாக இருந்துவிட்டதால் ரசிகர் என்கிறோம். அந்த விவசாயிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் எனக்கு நெருடுகிற இடம் ஒன்று உண்டு. மக்கள் சபையில் இதை ஓட்டுக்கு விட்டிருந்தால் மெட்னருக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்காது. நானே எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். 1947 அக்டோபரில் மைசூரில் மக்கள் போராடிப் பொறுப்பாட்சியைப் பெற்றார்கள், நல்ல காரியம். பியானோவைப் பறித்த அந்தச் சிம்மாசனமும் ஏழெட்டு வருடம்தான் நிலைத்தது. எந்த மனிதர் கையிலும் அப்படிப்பட்ட அதிகாரம் இருக்கக்கூடாது என்று நான் முழுசாக நம்புகிறேன். அந்த அதிகாரம் இல்லாவிட்டால் நான் ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டது இருந்திருக்காது. இரண்டையும் ஒரே வாயால் சொல்லவேண்டியிருக்கிறது.

எனக்கு இது வெறும் தத்துவமாக இருந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு ராஜா இருந்தார்.

1965. அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஊரெல்லாம் அரிசிக்குத் தட்டுப்பாடு. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. நல்ல மார்க்கில் பாஸ் பண்ணியிருந்தாள். டீச்சர் ட்ரெயினிங் சேருவதற்காக அம்மா சீட்டுக் கட்டி முந்நூறு ரூபாய்க்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை அப்பா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார், மடியில் ஒரு மர்பி ரேடியோவோடு. போஸ்ட் ஆபீஸ் லைசென்ஸும் எடுத்தாயிற்று. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அப்பாவுக்குச் சங்கீதம் என்றால் உயிர். சின்ன வயதில் நாகஸ்வரம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு அடி வாங்கியவர். அந்த ரேடியோவில்தான் நான் எல்லாவற்றையும் கேட்டேன். ராத்திரி சிற்றலையில் திருகிக்கொண்டே போனால் எங்கோ தூரதேசத்தில் யாரோ பியானோ வாசிப்பார்கள். அலை வரும், போகும். இன்றைக்கு நான் மெட்னரை உட்கார்ந்து கேட்கிறேன் என்றால், அந்தக் காது அன்றைக்குத் திறந்தது. எனக்கு அது லாபம்.

அக்கா ட்ரெயினிங் சேரவில்லை. அடுத்த தை மாசம் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். அந்த ரேடியோ பக்கத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோது அழுதாள். ரேடியோவை யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள்.

மெட்னருக்கு 'நினைவுகளின் சொனாட்டா' என்று ஒன்று உண்டு. கால் மணி நேரம்கூட வராது. சோவியத் நாட்டின் பெரிய பியானிஸ்ட் எமில் கிலெல்ஸ் வாசித்ததைக் கேட்டேன். 1918-லிருந்து 1920-க்குள், உள்நாட்டுப் போரில், ரொட்டிக்கும் விறகுக்கும் ஜனங்கள் அலைந்த நாட்களில் எழுதியது. பசியைப் பற்றி அதில் ஒரு ஸ்வரம் இல்லை. ஒரே ஒரு மெட்டு, எதையோ வைத்த இடம் மறந்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி வாசலுக்கும் உள்ளுக்குமாக வந்து வந்து போகிறது. பசித்திருந்த ஊரில் அதை எழுதியவருக்கு உரிமை உண்டு. அவரே பசித்தவர்களில் ஒருவர். பசித்திருந்த ஊரில் அதற்குப் பணம் கொடுத்தவர் விஷயம் வேறு. அவர் பசித்திருக்கவில்லை. எங்கள் அப்பாவும் ட்ரெயினிங் சேரவேண்டியவர் இல்லை.

போன வாரம் அக்காவுக்கு போன் பண்ணினேன். எழுபத்தேழு வயதாகிறது. மகாராஜா கதையைச் சொன்னேன். பவுண்டு கணக்கையும் விடாமல் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டாள்.

"அந்த ராஜாதானே? கவர்னரா இருந்தாரே. ரேடியோ வந்த வருஷம்" என்றாள்.

"ஆமாக்கா."

"பெரிய எடத்துல செஞ்சா கலை. சின்ன எடத்துல செஞ்சா பொண்ணு படிப்பு போச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாசிப்பைப் போடட்டுமாக்கா? போன்லயே கேக்கலாம்" என்றேன்.

"வேண்டாம்டா" என்றாள். பிறகு, "அந்தப் பெரியவரோட சம்சாரம் இருந்தாங்களே, அவங்க என்ன ஆனாங்க?"

அதற்குப் பதில் தெரிந்து வைத்திருந்தேன். அன்னா சில வருடம் லண்டனிலேயே இருந்தார். பிறகு அவர் எழுதியதையெல்லாம் எடுத்துக்கொண்டு மாஸ்கோவுக்கே திரும்பிவிட்டார். அவர்கள் விட்டுவிட்டு வந்த அதே அரசாங்கம், 1959 தொடங்கி, மெட்னரின் இசை முழுவதையும் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சிட்டது.

"முழுசா வர்ற வரைக்கும் அந்தம்மா இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"பாத்துட்டாங்க இல்ல. சரி" என்றாள் அக்கா. மாத்திரை போடணும் என்று போனை வைத்துவிட்டாள்.